‘தனியுரிமை’ என்னும் கலைச்சொல்லும் இசைவின் மொழியும்: ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

கணினித் தமிழில் ‘தனியுரிமை’ என்னும் சொல், நிறுவனம் தன் மென்பொருள்மீது கொண்டுள்ள முற்றுரிமையையும், தனிமனிதர் தம் வாழ்வுச் செய்திகள்மீது கொண்டுள்ள உரிமையையும் ஒருசேரக் குறித்து வருகிறது. தரவுக்கான இசைவைத் தமிழ் வழியாகவும் பெறுவதற்குச் சட்டம் இடமளித்துள்ள இக்காலத்தில், இச்சொல் மயக்கத்தின் விளைவுகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தனியுரிமை, தனியுடைமை, கட்டற்ற மென்பொருள், இசைவு, தற்குறி

கொட்டாம்பட்டியில் கேட்டது

மதுரை – திருச்சிராப்பள்ளி நெடுஞ்சாலையில் மேலூரைக் கடந்தபின் வரும் ஒன்றியத் தலைமையூர் கொட்டாம்பட்டி. சுற்றுச் சிற்றூர்களின் மக்கள் சான்றிதழ், பட்டா, கல்வி உதவித்தொகை விண்ணப்பங்களுக்கு இவ்வூர்க் கணினிக் கடைகளை நாடி வருவர். அத்தகைய கடையொன்றில் இக்கட்டுரையாளர் காத்திருந்தபோது, மகளின் கல்லூரிக் கட்டணத்திற்காகத் தனியார் கடன் செயலி ஒன்றில் பதிவு செய்ய வந்த அம்மையார் ஒருவர் தம் செல்பேசியைக் கடைக்கார இளைஞரிடம் நீட்டினார். “தம்பி, நம்பர் ஏதோ வந்திருக்கு, நீயே பாத்துப் போட்டுக்க” என்றார். இளைஞர் அவ்வெண்ணை உரக்கப் படித்தபடியே உள்ளிட்டார். அடுத்துத் திரையில் தனியுரிமைக் கொள்கையை ஒப்புக்கொள்ளுமாறு கேட்கும் கட்டம் வந்தது. அதிலும் அவரே குறியிட்டார். “என்ன போட்டிருக்கு?” என்று அம்மையார் கேட்டார். “ஒண்ணும் இல்லம்மா, கம்பெனிக்காரங்க உரிமையைப் பத்திப் போட்டிருக்கு” என்பது விடை.

இளைஞர் ஏமாற்றவில்லை. சொல்லை அவ்வாறே வாசித்தார். அவ்வாறு வாசிக்கத் தமிழ்ச் சொல்லாட்சியே இடந்தந்தது என்பதுதான் ஈண்டு ஆராயத்தக்கது.

ஒரு சொல், இரு பொருள்

செல்பேசி இயங்குதளங்களிலும் பெருநிறுவனங்களின் தமிழ்ப் பக்கங்களிலும் தனிமனிதர் பற்றிய செய்திகளைக் காக்கும் உரிமை ‘தனியுரிமை’ எனப்படுகிறது. கட்டற்ற மென்பொருள் பற்றிய தமிழ் எழுத்துகளிலோ, மூலநிரலை வெளியிடாது பயனரை உரிமத்தால் பிணிக்கும் மென்பொருள் ‘தனியுரிம மென்பொருள்’ என்றும், பல இடங்களில் ‘தனியுரிமை மென்பொருள்’ என்றும் வழங்குகிறது. இலக்கண நோக்கில் இவ்விரண்டும் வேறானவை. ‘உரிமம்’ என்பதன் மகர ஈறு கெட்டு ‘உரிம மென்பொருள்’ என்றாகும்; ‘உரிமை’ புணர்ச்சியில் ஈறு கெடாது நிற்கும். ஆயினும் இவ்வேறுபாடு ஓர் ஐகாரத்தில் தொங்குவது. விரைந்து எழுதுவோரும் விரைந்து படிப்போரும் அதைத் தவறவிடுவது இயல்பே. ஆக, நிறுவனம் பிறரை உள்ளே விடாதிருப்பதற்கும் மனிதர் நிறுவனத்தை உள்ளே விடாதிருப்பதற்கும் பெயர் ஒன்றாகிவிட்டது.

இக்குறை தமிழின் இயலாமையால் நேர்ந்ததன்று. ஆங்கிலச் சொல்லின் இரட்டைப் பொருளைத் தமிழ் வெற்றியுடன் கடந்த இடமும் இதே துறையில் உண்டு. ரிச்சர்டு ஸ்டால்மன் 1983இல் குனூ திட்டத்தை அறிவித்த நாள்முதல், தாம் கூறும் ‘ஃப்ரீ’ என்பது விலையைக் குறிப்பதன்று, விடுதலையைக் குறிப்பது என விளக்கிக்கொண்டே இருக்க நேர்ந்தது. தமிழுக்கு அவ்விளக்கம் தேவைப்படவில்லை. ‘இலவசம்’ வேறு, ‘கட்டற்றது’ வேறு. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா தன்னைக் கட்டற்ற கலைக்களஞ்சியம் என அழைத்துக்கொண்டது. 2012 முதல் வெளிவரும் ‘கணியம்’ இதழ் அச்சொல்லைப் பரவலாக்கியது. ‘கட்டற்ற’ என்பதில் அடங்காமை என்னும் சாயலும் உண்டெனக் குறை கூறுவோர் உளர், அக்குறை சிறிது. தமிழக அரசு 2011இல் ‘இலவசம்’ என்பதை விடுத்து ‘விலையில்லா மடிக்கணினி’ என்றபோது, விலை என்னும் கூறு மேலும் தெளிவாகப் பிரிந்து நின்றது. அம்மடிக்கணினிகளில் விண்டோசுடன், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் இடம்பெற்றிருந்தது. விலையில்லாததும் கட்டற்றதும் ஒரே பெட்டிக்குள் இருந்தன என்பதைத் தமிழில் சொல்ல முடிகிறது. மாணவர் எத்தனை பேருக்கு அது சொல்லப்பட்டது என்பது வேறு வினா.

மூலநிரல் திறந்திருப்பது மனிதர் மறைவைக் காப்பதற்கு உதவும் என்பதும் மறக்கத்தக்கதன்று. ஆரோக்கிய சேது செயலியின் ஆண்டிராய்டு வடிவ நிரலை இந்திய அரசு 2020 மே மாதத்தில் வெளியிட்டது. அச்செயலி எதை எடுக்கிறது என்பதை வெளியார் சரிபார்க்க அவ்வெளியீடு வழி செய்தது. பொருளளவில் ‘தனியுரிம’ மென்பொருள், ‘தனியுரிமை’ காக்கப்படுகிறதா என்னும் ஆய்வுக்குத் தடை. இத்தொடரைத் தமிழில் எழுதும்போதே நாக்கு இடறுகிறதெனில், குற்றம் நாக்கினுடையதன்று.

‘அந்தரங்கம்’ என்னும் மாற்று

உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்டு 24 அன்று புட்டசாமி வழக்கில் இவ்வுரிமையை அடிப்படை உரிமை என ஒருமனதாக அறிவித்தபோது, தமிழ் ஊடகங்களில் ‘அந்தரங்க உரிமை’ என்னும் வழக்கும் காணப்பட்டது. மயக்கமற்ற சொல்லே. ஆனால் அன்றாடப் பேச்சில் ‘அந்தரங்கம்’ வெட்கத்திற்குரியதை, ஒளிக்க வேண்டியதைச் சுட்டும். கடன் கேட்கும் அம்மையாரின் தொலைபேசித் தொடர்புப் பட்டியலில் அவ்வாறான எதுவும் இல்லை. எனினும் அது அவருடையது. ஒளிக்க ஒன்றுமில்லாதவருக்கு இவ்வுரிமை எதற்கு என்னும் பழைய வாதத்திற்கு இச்சொல் தன்னையறியாமல் துணைபோகிறது.

இக்கருத்தே மேலையிறக்குமதி என்போருக்கு ஒன்று கூறலாம். அன்பின் ஐந்திணையில் தலைமக்களின் இயற்பெயர் சுட்டப்படலாகாது என்பது தொல்காப்பிய அகத்திணையியல் மரபு. உணர்வை முழுமையாக வெளியிட்டு ஆளை மட்டும் அடையாளமின்றி நிறுத்தும் ஏற்பாடு அது. இருவருக்குள் இருந்த செய்தி ஊர்வாய்ப் படுவதற்கு ‘அலர்’ என்று தனிப்பெயரும் உண்டு. இவற்றைச் சட்ட உரிமையின் முன்வடிவம் என்று நீட்டுவது மிகை. கவிதை மரபு வேறு, உரிமை வேறு. ஆயினும் அடையாளங்காணத்தக்க செய்தி, அடையாளம் நீங்கிய செய்தி என்னும் பாகுபாடு தமிழுக்கு அயலன்று என்பதற்கு இவை போதும்.

சட்டம் தமிழிடம் கேட்பது

2023ஆம் ஆண்டின் எண்ம முறையிலான தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இசைவு தடையற்றதாகவும் குறிப்பிட்ட நோக்குடையதாகவும் விவரமறிந்து தரப்பட்டதாகவும் நிபந்தனையற்றதாகவும் ஐயத்திற்கிடமற்றதாகவும் இருக்க வேண்டும் என்கிறது (பிரிவு 6). அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாம் அட்டவணை மொழி எதிலுமோ பெறும் வாய்ப்பைத் தரவுக்குரியவருக்கு அளிக்க வேண்டும் என்றும் விதிக்கிறது (பிரிவு 5). எனவே தமிழ் அறிவிப்பு இனி நிறுவனம் விரும்பினால் செய்யும் மொழிபெயர்ப்பு உபசாரமன்று. அதைப் படித்தே ஒருவர் இசைகிறார். அதில் உள்ள சொல் மயங்கினால் ‘விவரமறிந்து’ என்னும் நிபந்தனையே ஆட்டங்காண்கிறது.

இவ்வாதத்தின் எல்லையையும் கூற வேண்டும். அரசு வழங்கும் மானியம், சான்றிதழ் முதலியவற்றுக்குச் சில சூழல்களில் புதிய இசைவு வேண்டியதில்லை எனப் பிரிவு 7 விலக்களிக்கிறது. ஆகவே நியாயவிலைக் கடையில் வைக்கும் கைரேகை இவ்விவாதத்தில் நேரடியாக வாராது. தனியார் செயலிகளே இங்கு முதன்மை. கடன் செயலிகள் தொடர்புப் பட்டியல், அழைப்புப் பதிவு, கோப்புகள் ஆகியவற்றை அணுகலாகாது என இந்திய ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பர் 2 அன்று வழிகாட்டுதல் வெளியிட்டது. அவ்வழிகாட்டுதலால் காக்கப்படுபவர்களில் கொட்டாம்பட்டி அம்மையாரும் ஒருவர். ஆனால் தமக்கு அப்படியொரு காப்பு உண்டென்பதை அவர் அறிந்திருக்கக்கூடிய ஒரே இடம், கம்பெனிக்காரரின் உரிமை என அவருக்கு வாசிக்கப்பட்ட அந்தப் பக்கம்.

தற்குறியும் மாட்டெறிந்தவரும்

எழுத்தறியாதவர் ஆவணத்தில் இடும் அடையாளத்திற்குத் ‘தற்குறி’ என்று பெயர். அதை இன்னாருடையதுதான் என உறுதிசெய்து எழுத்தறிந்தவர் கையெழுத்திடுவதைத் ‘தற்குறி மாட்டெறிதல்’ என்பர். காலப்போக்கில் தற்குறி என்பது எழுத்தறியாதவரையே குறிக்கும் வசைச்சொல்லாயிற்று. ‘கைநாட்டு’ என்பதற்கும் இதே கதி. ஆனால் பழைய முறையில் கவனிக்கத்தக்கது, மாட்டெறிந்தவரின் பெயரும் ஆவணத்தில் நின்றது என்பதே. குறியிட்டவர் யார், அதற்குச் சான்று நின்றவர் யார் என இரண்டும் தெரிந்தன.

கணினிக் கடையில் நிகழ்வது மாட்டெறியாத தற்குறி. அம்மையாரின் இடத்தில் இளைஞர் குறியிடுகிறார். ஆவணமோ அம்மையாரே படித்துக் குறியிட்டதாகப் பதிகிறது. இடைநின்றவர் மறைந்துவிடுகிறார். இத்தனைக்கும் அம்மையார் எழுத்தறிந்தவர். விண்ணப்பத்தின் அடியில் தெளிவாகக் கையெழுத்திட்டார். கொட்டாம்பட்டிக்குத் தெற்கே கருங்காலக்குடிப் பாறையில் பள்ளி அமைத்தவரின் பெயரும் ஊரும் தமிழி எழுத்தில் வெட்டப்பட்டு இரண்டாயிரம் ஆண்டளவில் நிற்கின்றன. ஊருக்குத் தெரிய வேண்டுமென விரும்பி வெட்டுவித்த பெயர் அது. அவ்விருப்பத்தைத்தான் இன்றைய அறிவிப்புகள் ‘இசைவு’ எனக் கேட்க முயல்கின்றன.

சொல் மாற்றம் குறித்து

‘தனியுரிமை’யை மனிதருக்கே விட்டுவிட்டு, மூடிய மென்பொருளைத் ‘தனியுடைமை மென்பொருள்’ எனலாம் என்பது இக்கட்டுரையாளரின் பரிந்துரை. தனியுடைமை, பொதுவுடைமை ஆகியவை தமிழ் அரசியல் மேடைகளில் நெடுங்காலம் பயின்ற இணை; உரிமைக்கும் உடைமைக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க அகராதி வேண்டியதில்லை. பொதுவுடைமை கட்சிச் சாயல் கொண்டது என்னும் மறுப்பு எழலாம். கட்டற்ற மென்பொருளைப் பொதுவுடைமை என்று அழைக்குமாறு இங்குக் கோரவில்லை. மூடியதற்கு மட்டுமே பெயர் தேவைப்படுகிறது. தமிழக அரசின் சொற்குவைத் திட்டமும் விக்கிப்பீடியா, விக்சனரி பங்களிப்பாளர்களும் இதனைக் கருதிப் பார்க்கலாம். கட்டற்ற உரிமத்தில் வெளியான சொற்பட்டியல்களைத் திருத்த எவரிடமும் அனுமதி கோர வேண்டியதில்லை.

பொத்தானில் உள்ள வினைச்சொல் இதனினும் கடினமானது. ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்பது தமிழில் குற்றவாளி கூறுவது. காவல் நிலையத்தில் எழுதப்படுவது ஒப்புதல் வாக்குமூலம். ‘இசைகிறேன்’ இலக்கிய நடை. அம்மையார் தம் மகளுக்கு வந்த வரன் குறித்து அன்று கடைக்காரரிடம் பேசுகையில், “எங்களுக்குச் சம்மதந்தான், பிள்ளையையும் ஒரு வார்த்தை கேக்கணும்ல” என்றார். அச்சொல்லை அவரது திரையில் காணவில்லை.