138ஆம் பிரிவு சொல்லாமல் விட்டது

இந்திய நிறுவனங்கள் சட்டம் 2013, சட்டபூர்வத் தணிக்கையாளரின் உரிமைகளை விரிவாக எழுதியிருக்கிறது. கணக்குப் புத்தகங்களையும் வவுச்சர்களையும் அவர் எந்நேரமும் பார்க்கலாம், அதிகாரிகளிடம் விளக்கம் கேட்கலாம் என்கிறது 143ஆம் பிரிவு. பதவிக்காலம் முடியும் முன் அவரை நீக்க வேண்டுமானால், 140ஆம் பிரிவின்படி மத்திய அரசின் முன் அனுமதியும் பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானமும் தேவை. உள்தணிக்கையாளருக்கு இருப்பது 138ஆம் பிரிவு மட்டும். அந்தப் பணிக்கு யார் வரலாம், எதைத் தணிக்கை செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. எந்த ஆவணத்தைக் கேட்க அவருக்கு உரிமை உண்டு, கொடுக்க மறுத்தால் என்ன வழி, அவரை நீக்கும் அதிகாரம் யாருக்கு என்பவை பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. கடமையைச் சுமத்திவிட்டு அதிகாரத்தை எழுதாமல் விட்ட இந்தப் பிரிவு குறைபாடுள்ளது என்பதே என் கருத்து.

இதற்கு ஒரு நியாயம் சொல்லப்படுகிறது. நூற்பாலைக்கும் மென்பொருள் நிறுவனத்துக்கும் ஒரே தணிக்கைத் திட்டம் பொருந்தாது. ஆகவே 2014ஆம் ஆண்டுக் கணக்கு விதிகளின் 13ஆம் விதி, பணியின் எல்லையையும் முறையையும் தணிக்கைக் குழுவோ இயக்குநர் குழுவோ உள்தணிக்கையாளருடன் கலந்து வகுக்கட்டும் என்று விட்டிருக்கிறது. பணியின் எல்லையைப் பொறுத்தவரை இது சரி. ஆனால் ஆவணத்தைப் பார்க்கும் உரிமை தொழிலுக்குத் தொழில் மாற வேண்டிய தேவை என்ன? பஞ்சு கொள்முதல் கோப்பானாலும் சர்வர் கொள்முதல் கோப்பானாலும், அதைத் திறக்க முடியாதவர் தணிக்கை செய்ய முடியாது.

அந்த உரிமை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான வேர்ல்ட்காம் சாட்சி. அங்கே உள்தணிக்கைப் பிரிவுக்குத் தலைமை வகித்த சிந்தியா கூப்பர், நிதித் தலைவர் ஸ்காட் சல்லிவனின் கீழ்தான் இருந்தார். அவருடைய பிரிவின் கவனம் பெரும்பாலும் செயல்திறன் ஆய்வுகளில் இருந்தது. நிதிக் கணக்குகளைப் பார்ப்பது வெளித்தணிக்கையாளரான ஆர்தர் ஆண்டர்சன் நிறுவனத்தின் வேலை. 2002இல் மூலதனச் செலவுகளை ஆராயத் தொடங்கியபோது கணக்கு மென்பொருளின் பேரேட்டை முழுமையாகப் பார்க்கவே கூப்பரின் குழு மாற்றுவழி தேட வேண்டியிருந்தது. தணிக்கையைத் தள்ளிப்போடுமாறு ஜூன் மாதத்தில் சல்லிவன் கேட்டார். கூப்பர் தணிக்கைக் குழுத் தலைவரிடம் நேரே போனார். பிற தொலைபேசி நிறுவனங்களுக்குச் செலுத்திய இணைப்புக் கட்டணங்களைச் சொத்தாகக் காட்டிய மோசடி ஜூன் 25 அன்று வெளியானபோது தொகை 3.8 பில்லியன் டாலர். பின்னர் அது ஏறத்தாழ 11 பில்லியனாக வளர்ந்தது.

கூப்பரின் துணிச்சலைக் காட்டி, நல்ல ஆள் இருந்தால் போதும், சட்டம் எதற்கு என்று வாதிடுவோர் உண்டு. நான் இதே நிகழ்வை எதிர்ப்பக்கச் சான்றாகவே பார்க்கிறேன். அவருடைய குழுவுக்கு முதலிலிருந்தே பேரேடும் தணிக்கைக் குழுவின் நேரடிப் பாதுகாப்பும் இருந்திருந்தால், மோசடி இத்தனை காலாண்டுகள் ஓடியிருக்குமா? ஹைதராபாத்தின் சத்யம் நிறுவனக் கணக்கு மோசடி வழக்கில் நிலைமை வேறு. 2015இல் விசாரணை நீதிமன்றம் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்த 10 பேரில் அந்நிறுவனத்தின் முன்னாள் உள்தணிக்கைத் தலைவரும் ஒருவர். மேல்முறையீட்டில் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது உண்மை. ஆனாலும் நிர்வாகத்தை மட்டுமே அண்டியிருக்கும் உள்தணிக்கையை முதலீட்டாளர் எந்த அளவு நம்பலாம் என்ற கேள்வியை அந்தத் தீர்ப்பு எழுப்பிவிட்டது.

அதிகாரம் வேண்டும் என்பதால் எல்லா அதிகாரமும் வேண்டும் என்றாகிவிடாது. நம் நிறுவனங்கள் பலவற்றில் உள்தணிக்கைப் பிரிவே பில்லைச் சரிபார்த்துப் பாஸ் செய்கிறது; அதன் முத்திரை விழுந்த பிறகே காசோலை எழுதப்படுகிறது. நிர்வாகத்துக்கு இது வசதி, தணிக்கையாளருக்கும் இதனால் மதிப்புக் கூடுகிறது. ஆனால் தான் பாஸ் செய்த பில்லை ஆறு மாதம் கழித்து அவரே எப்படித் தணிக்கை செய்வார்? தவறு கண்டால் அது அவருடைய தவறும்தான். விலைப்புள்ளிகளைத் தேர்ந்தெடுப்பது, கையிருப்பு வித்தியாசத்தைச் சரிக்கட்டி எழுதுவது, ஊழியரைத் தண்டிப்பது எதுவும் அவர் கைக்கு வரக்கூடாது. மோசடியைத் தடுக்கும் முதற்பொறுப்பு நிர்வாகத்துடையது. அதற்காக நிர்வாகம் வைத்திருக்கும் கட்டுப்பாடுகள் வேலை செய்கின்றனவா என்று சோதித்துச் சொல்வதே உள்தணிக்கையாளரின் பொறுப்பு. எதையும் பார்க்கும் உரிமை முழுமையாக இருக்கட்டும், முடிவெடுக்கும் உரிமை அறவே வேண்டாம்.

இத்தகைய பாதுகாப்பை இந்தியாவில் எழுத முடியாது என்பதும் இல்லை. 2021 ஜனவரியில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு எழுதிவிட்டது. உள்தணிக்கைத் தலைவருக்குப் பதவிக்காலம் இயன்றவரை குறைந்தது 3 ஆண்டுகள். வணிகப் பிரிவுகளுக்கு அவர் அறிக்கை தரும் நிலை இருக்கக்கூடாது, வணிக இலக்கும் தரக்கூடாது. அவர் நிர்வாக இயக்குநரின் கீழ் இருந்தால், தணிக்கைக் குழு காலாண்டுக்கு ஒருமுறையாவது உயர் நிர்வாகிகள் இல்லாமல் அவரைச் சந்திக்க வேண்டும். மூடிய கதவுக்குள் நடக்கும் அந்தச் சந்திப்புதான் இவற்றில் மிகப் பயனுள்ளது என்பேன். அறிக்கையில் எழுதத் தயங்குவதை அங்கே சொல்ல முடியும்.

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட பிற நிறுவனங்களுக்கு, சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி பாதி தூரம் வந்திருக்கிறது. தலைமை உள்தணிக்கையாளரின் நியமனம், நீக்கம், ஊதியம் ஆகியவற்றைத் தணிக்கைக் குழு பரிசீலிப்பதைக் கட்டாயமாக்கியது நல்ல ஏற்பாடு. ஆனால் அவர் தணிக்கைக் குழுவுக்கு நேரடியாக அறிக்கை தருவது, 2015ஆம் ஆண்டு விதிமுறைகளில் நிறுவனத்தின் விருப்பத்துக்கு விடப்பட்ட பகுதியில் வைக்கப்பட்டது. செபி அதைக் கட்டாயப் பகுதிக்கு மாற்ற வேண்டும். 143ஆம் பிரிவில் உள்ள ஆவண உரிமையை மத்திய அரசு 138ஆம் பிரிவிலும் எழுத வேண்டும்.