ஆல்ட்டோவுக்குச் செவிகொடுத்தால்

நாலு குரல் பாட்டை ரசிக்க விரும்புகிறவருக்கு ஒரு யோசனை: கேரல் ஆராதனைக்குமுன் ஒருநாள் ஒத்திகைக்குப் போங்கள். டிசம்பர் பிறந்துவிட்டால் தூத்துக்குடி, நாசரேத் பக்கத்து சி.எஸ்.ஐ. ஆலயங்களில் மாலைப்பொழுது பாடகர் குழுவுக்குத்தான். ஒவ்வொரு பார்ட்டையும் தனியே பாடவைப்பார்கள். சொப்ரானோ பாடினால் என்ன பாட்டென்று சின்னப்பிள்ளையும் சொல்லிவிடும். ஆல்ட்டோவைத் தனியே விட்டால், காலமெல்லாம் அதைப் பாடிய பெரியவருக்கும் பிடிபடாது. இரண்டு மூன்று சுரங்களுக்குள்ளேயே உலாத்தும். ஒரே சுரத்தில் நாலைந்து அசை நிற்கும். திடீரென்று அரைச்சுரம் இறங்கும். இதுவும் ஒரு பாட்டா என்று தோன்றும். நாலும் சேரும்போது மயிர்க்கூச்செறிவது பெரும்பாலும் அந்த அரைச்சுரத்தில்தான்.

பெண்குரலில் மேலே சொப்ரானோ, கீழே ஆல்ட்டோ. ஆண்குரலில் மேலே டெனர், கீழே பேஸ். இது உயரக் கணக்கு. வேலைக் கணக்கு வேறு. கர்நாடக சங்கீதத்தில் ஊறிய காதுக்கு முதலில் பழக வேண்டியது பேஸ். தம்புராவின் சட்ஜமம் அசையாது. இங்கே தரையே நகர்கிறது. சொப்ரானோ ஒரே சுரத்தை நீட்டி நிற்க, அடியில் பேஸ் இடம் மாறினால், சற்றுமுன் சிரித்த அதே சுரம் இப்போது கலங்குகிறது. பாடுகிறவர் எதையும் மாற்றவில்லை. இந்த ருசி பிடிபட்டவர் பிறகு மெட்டை மட்டும் கேட்டுத் திருப்தியடைய மாட்டார்.

முத்துக்குளித்த காலத்தில் மூழ்கியவருக்குத்தான் பேர். மேலே கயிற்றைப் பிடித்து நின்றவரை யாரும் பேசுவதில்லை. அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்று தூத்துக்குடிக் கரையில் சொல்வதுண்டு. ஆல்ட்டோவுக்கு வாய்த்ததும் அந்த வேலைதான்.

மெட்டு எப்போதும் சொப்ரானோவின் சொத்தாக இருந்ததில்லை. 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் அதைப் பெரும்பாலும் டெனரிடம் வைத்து, மற்றக் குரல்களைச் சுற்றிலும் பின்னினார்கள். சபையாரும் கூடப் பாட வேண்டுமென்று மெட்டை மேல்குரலுக்கு ஏற்றிய தொகுப்பை லூக்காஸ் ஓசியாண்டர் என்ற ஜெர்மானியர் 1586இல் வெளியிட்டார். அந்த லுத்தரன் மரபு 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கியது. நம் ஆலயங்களில் பாடும் ஞானப்பாட்டுகளில் பல, ஜெர்மன் பாடல்களைத் தமிழாக்கியவை. மொழிபெயர்த்தவர்களுக்குப் பொருள் வசப்பட்ட அளவுக்குக் குறில் நெடில் வசப்படவில்லை. நீண்ட சுரத்தில் குறில் மாட்டிக்கொண்டு நெடிலாக இழுபடும்போது தமிழ்க் காது சுளிக்கத்தான் செய்யும். நல்ல குழு அந்த இடத்தில் நாலு குரலையும் ஒரே மூச்சில் மெல்லத் தணித்துக் கடந்துவிடும்.

கீர்த்தனை வேறு சாதி. பாளையங்கோட்டையில் 1774இல் பிறந்த வேதநாயக சாஸ்திரியார் வழியில் வந்த பாட்டுகளைச் சபை முழுதும் ஒரே குரலாகப் பாடுவதுதான் அழகு. அதற்கும் நாலு பார்ட் கட்டுகிறவர்கள் உண்டு, எனக்கு ருசிப்பதில்லை. பார்ட் ஏறினால் கமகம் வெளியே போய்விடும். கடற்கரையில் மீனவர்கள் பாடும் அம்பாப் பாட்டும் அப்படித்தான்: ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள், ஒரே நேரத்தில் வெவ்வேறு சுரம் என்ற பேச்சே அதில் இல்லை.

ஹாண்டலின் ‘மெசையா’ 1742இல் டப்ளினில் அரங்கேறியது. அதன் அல்லேலூயா கோரஸை முழுப் பலத்தோடு பாடும் குழுக்கள் நம் பக்கத்திலும் உண்டு. பலர் அதில் முழக்கத்தைத்தான் கேட்கிறார்கள். நடுவே ஓரிடத்தில் முழக்கம் அடங்கி, பேஸ் தனியாக ஒரு வரியைத் தொடங்கும். அதே வரியை டெனர் பிடிக்கும். மூன்றாவது ஆல்ட்டோ, கடைசியில் சொப்ரானோ. அந்த மூன்றாம் முறை ஆல்ட்டோவுக்கும் மெட்டு கிடைக்கிறது. சொப்ரானோ வந்து மூடுமுன் கேட்டுவிட வேண்டும்.

அதற்கு முன்வரிசை உதவாது. பக்கத்தில் நிற்கும் பார்ட் மட்டுமே காதை அடைக்கும். ஆலயத்தின் நடுவில் உட்காருங்கள். ஒரே மைக்கைக் கொண்டுபோய் சொப்ரானோ முன் நட்டிருந்தால் மட்டும் எங்கே உட்கார்ந்தும் பயனில்லை.