வலியின் வினைச்சொற்கள்

வலியைச் சொல்ல மொழிக்கு வக்கில்லை என்பது மேற்கே ஏறக்குறைய ஒரு சித்தாந்தமாகிவிட்டது. 1926இல் எலியட்டின் பத்திரிகையில் வர்ஜீனியா வுல்ஃப் நோய்ப்படுக்கை பற்றி எழுதியபோது, ஹாம்லெட்டின் சிந்தனைகளைச் சொல்லத் தெரிந்த ஆங்கிலத்துக்கு ஒரு தலைவலியைச் சொல்லத் தெரியவில்லை என்று அலுத்துக்கொண்டார். எலைன் ஸ்கேரி 1985இல் ஒரு முழுப் புத்தகமே எழுதி, வலி மொழியை அழித்துவிடுகிறது என்று வாதாடினார். நம்மவர்கள் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, 'சொல்லுக்கு அப்பால்', 'மௌனத்தின் விளிம்பில்' என்று சாவைப் பற்றிக் கவிதை பண்ணிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு இதில் சந்தேகம் உண்டு. சந்தேகம் இலக்கியம் படித்து வந்ததல்ல. தீராத நோயாளிகளின் கடைசிக் காலப் பராமரிப்பு பற்றிய ஆராய்ச்சிகளைப் படித்ததில் வந்தது.

அந்தத் துறையை உண்டாக்கிய சிசிலி சாண்டர்ஸ் முதலில் நர்ஸ், பிறகு சமூக ஊழியர், கடைசியில்தான் டாக்டர். 1958 முதல் லண்டன் ஹாக்னியில் ஒரு கன்னியாஸ்திரீகள் இல்லத்தில், சாகப்போகிறவர்கள் பேசுவதை ஒலிப்பதிவு செய்து வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டார். எங்கே வலிக்கிறது என்று கேட்டால், முதுகில் தொடங்கி, வீட்டாரின் பயம், பணம், கடவுள் என்று பதில் விரிந்துகொண்டே போவதைக் கண்டார். அதிலிருந்து பிறந்ததுதான் 'முழுவலி' என்ற கருத்தாக்கம். 1967இல் அவர் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்துக்கு அஸ்திவாரம் அது. ஒரு பிரதியை எப்படி வாசிக்க வேண்டும் என்று நம் விமர்சகர்கள் சொல்லிக்கொண்டிருப்பதை அந்த அம்மாள் செய்து காட்டியிருக்கிறார்.

இன்னொன்று, மான்ட்ரியாலில் ரொனால்ட் மெல்சாக் 1975இல் வெளியிட்ட வலி வினாப்பட்டியல். 78 சொற்கள், 20 தொகுதிகளாக. ஆங்கிலத்தின் ஏழ்மை பற்றி வுல்ஃப் சொன்னதற்கு ஐம்பது வருஷம் கழித்து வந்த பதில் என்றே இதைப் படிக்கலாம். இது அகராதிப் பொழுதுபோக்கு இல்லை. கட்டி அழுத்துவதால் வரும் வலிக்கும் நரம்பே பழுதாகி வரும் வலிக்கும் மருந்து வேறு. முன்னதற்கு மார்ஃபின் நன்றாகக் கேட்கும். பின்னதற்கு அது மட்டும் பல சமயம் போதாது, அமிட்ரிப்டிலின், காபாபென்டின் என்று வேறு வகை வேண்டும். இரண்டையும் பிரித்துக் காட்டுவதில் பெரும்பங்கு நோயாளியின் வாய்ச்சொல்லுக்குத்தான். 2005இல் பிரெஞ்சுக்காரர்கள் செய்த பத்துக் கேள்விப் பரிசோதனையிலும் முதலில் வருவன எரிகிறதா, ஷாக் அடிக்கிறதா என்பன போன்ற கேள்விகளே. ஆக, ஒரு சொல் தவறினால் ஒரு மருந்து தவறுகிறது.

இந்தப் பட்டியல் எதுவும் நம் தெருவுக்கு வந்து சேரவில்லை. வந்து சேர்ந்தது எண்.

நான் திருப்பூரில் ஒரு வங்கியில் கிளார்க். நவம்பர் மாதம் பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதாகச் சான்று தரவேண்டும்; வரமுடியாதவர்கள் வீட்டுக்கு நாங்கள் போவோம். (கைநாட்டுக்கும் வழியில்லாமல் கிடப்பவருக்குக் கால் பெருவிரல் ரேகை போதும் என்றொரு விதி. எழுதியவர் யாரோ, மனிதர்களைப் பார்த்தவர்.) அப்படிப் போன ஒரு வீட்டில், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்த ஒரு கிழவியிடம் ஒரு நர்ஸ் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார். வலி பத்துக்கு எத்தனை என்பது கேள்வி.

"பத்துக்கு எத்தனைன்னு கேட்டா நான் என்னத்தக் கண்டேன் அம்மிணி? பகல்ல கடுக்குது. ராத்திரியானா கால்ல தீய வெச்சாப்பல எரியுது. சுரீர் சுரீர்னு இழுக்குது."

"ஏழுன்னு போட்டுக்கட்டுங்களாம்மா?"

"உனக்கு எது சௌரியமோ போடு சாமி."

நர்ஸ் மேல் எனக்குப் புகார் இல்லை. அன்றைக்கு அந்த அறையில் கிழவியின் காலைத் தொட்டுப் பேசியவர் அவர் ஒருவர்தான். மருமகள் ஓவர்லாக்கில், ஒன்றரை ஷிப்ட். ஆனால் கடுப்பு, எரிச்சல், இழுப்பு என்று மூன்று வலிகளை நேரம் பிரித்து, நரம்புக்கும் சதைக்கும் வித்தியாசம் காட்டிச் சொன்ன ஒரு வாக்கியம், படிவத்தில் 7 ஆகிவிட்டது.

அந்த வாக்கியத்தின் இலக்கணத்தைக் கவனிக்க வேண்டும். மெல்சாக்கின் சொற்கள் வலி என்ற பெயருக்கு அடைமொழிகள். கிழவியின் பேச்சில் வலி என்ற பெயரே இல்லை, எல்லாம் வினை. எரியுது, குடையுது, உளையுது, குத்துது. வண்டு மரத்தைக் குடைவதும் எலும்பைக் குடைவதும் ஒரே வினை. இதில் 'நான்' என்கிற கர்த்தாவும் கிடையாது. நரம்பு இழுப்பதைச் சொன்ன அதே வினையைத்தான், போக மாட்டாமல் கிடக்கிற உயிரைப் பற்றி 'இன்னும் இழுத்துக்கிட்டிருக்குது' என்று தெருவில் சொல்கிறோம். வலி மொழியை அழிக்கிறது என்பவர்கள் எந்தத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டார்கள்?

எண்ணைப் பழிப்பது நமக்குச் சுலபம். எண் என்றாலே ஆத்மாவுக்கு விரோதம் என்று நினைக்கிற வட்டம் இது. நேற்று 7, இன்று 4 என்று தெரியாமல் மார்ஃபின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. 1985இன் போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து ஆஸ்பத்திரிகள் மார்ஃபின் வைத்திருப்பதையே விட்டிருந்தன. சட்டம் 2014இல்தான் தளர்ந்தது. அதற்காக வாதாடியவர்கள் கையிலும் எண்களே இருந்தன. 2017இல் லான்செட் குழு கொடுத்த கணக்கு: உலகத்தில் விநியோகமாகும் மார்ஃபின் வகை மருந்து 298.5 டன், பரம ஏழை நாடுகளுக்குப் போய்ச் சேருவது 0.1 டன். இந்த வரிக்கு ஈடான வரி சமீபத்தில் நான் படித்த தொகுப்புகளில் இல்லை. 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் தொடங்கிய காரியம் மலப்புறத்தில் அக்கம்பக்கத்தாரின் காரியமாகி, 2008இல் கேரள அரசின் கொள்கையாயிற்று. இங்கே 2021இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்த பிறகு வலி நிவாரணமும் வீடு தேடி வருகிறது. வருகிறவர் கையில் எண்ணோடு சொல்லும் இருக்க வேண்டும் என்பதே என் கட்சி.

சொல்லைக் கொடுக்க வேண்டியவர்கள் யார்? நம் கதைகளில் சாவுக்குக் குறைவில்லை, செத்துக்கொண்டிருப்பதுதான் இல்லை. பாத்திரம் இருமும், அடுத்த பத்தியில் சங்கு ஊதும். விதிவிலக்காக எனக்கு நினைவு வருவது புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்'. ஜவுளிக்கடைச் சிப்பந்தி ஒருவன் நோயாளி மனைவிக்குச் சமைத்துப் போட்டு, பணிவிடை செய்து, மறுபடி கடைக்கு ஓடுகிறான். தத்துவம் பேச அவனுக்குப் போதில்லை. அவள் மூச்சு நின்றதிலிருந்து கதை தொடங்குவதால், முடிவு தெரிந்த பிறகு நாம் பார்ப்பது பராமரிப்பை மட்டுமே. 1948இல் தாமே காசநோயில் போனவர் அதற்குச் சில வருஷம் முந்தி எழுதியது. பிறகு வந்தவர்கள் அவருடைய கிண்டலை எடுத்துக்கொண்டார்கள். இந்தப் பொறுமையை எடுத்துக்கொள்ளவில்லை.

திருப்பூரில் இனி விஷயம் தமிழோடு நிற்காது. லைன் வீடுகளில் ஒடிசாக்காரர்கள், பீகார்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் படுத்துவிட்டால் நீட்டப்படுவது சிரிப்பிலிருந்து அழுகைவரை முகங்கள் வரைந்த அட்டை. குழந்தைகளுக்காகத் தயாரித்தது அது. ஒடியாவிலும் போஜ்புரியிலும் எரிவதற்கும் குடைவதற்கும் என்ன சொல் என்று விசாரித்துக் குறிக்க ஆரம்பித்திருக்கிறேன். கொங்குச் சொற்கள் ஒரு நோட்டு அளவுக்குச் சேர்ந்திருக்கின்றன. நெல்லை, நாஞ்சில், தஞ்சைப் பக்கத்து நண்பர்கள் தங்கள் வீட்டுக் கிழவிகளிடம் கேட்டு எழுதலாம். எந்த நேரத்தில், உடம்பில் எந்த இடத்துக்குச் சொன்னது என்பதையும் சேர்த்துக் குறிக்கவும்.