தேர் கொடுத்தவர் யார்?

மனுநீதிச் சோழன் கதையை அறியாத தமிழ் மாணவன் இல்லை. அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணி. வீதியில் விரைந்த அரசிளங்குமரனின் தேர். அதன் காலில் அகப்பட்டு மாண்ட கன்று. கொம்பினால் மணியை அசைத்த தாய்ப்பசு. பெற்ற மகனையே தேர்க்காலில் இட்ட தந்தை. நீதிக்கு உதாரணம் வேண்டியபோதெல்லாம் நமது மேடைகளும் பாடநூல்களும் இக்கதையையே எடுத்தாள்கின்றன. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் அவ்வரசனுக்குச் சிலையும் உண்டு. ஆயினும், ஒரு கதையைப் போற்றிப் போற்றியே அதனை வாசிக்காது விட்டுவிடும் வழக்கம் நம்மிடையே பழையது. இக்கதை உண்மையில் எதைக் கூறுகிறது? எதைக் கூறாது விடுகிறது?

இவ்வினாக்களை இன்று எழுப்புவதற்குக் காரணம் உண்டு. வயது வராத பிள்ளை மது அருந்தி வாகனம் ஓட்டி உயிர் பறித்தால், சட்டம் யாரை என்ன செய்தல் வேண்டும் என்பது நம் காலத்தின் கேள்வி. இந்தியாவின் புனே நகரில் 2024ஆம் ஆண்டு அது நாடு முழுவதும் பேசப்பட்ட கேள்வியாயிற்று. அவ்வழக்கை மனுநீதிச் சோழன் கதையோடு சேர்த்து வைத்துப் பார்த்தால், இரண்டும் ஒன்றையொன்று விளக்கக் காண்கிறோம்.

2024 மே 19ஆம் நாள் அதிகாலை, புனேயின் கல்யாணி நகர் வீதியில் போர்ஷே கார் ஒன்று மோட்டார்ச் சைக்கிள் ஒன்றில் மோதியது. அதிற் சென்ற இளம் பொறியியலாளர் இருவர் மாண்டனர். இருவருக்கும் வயது 24. காரை ஓட்டியவன் 17 வயதுச் சிறுவன். நிலம் கட்டிடத் தொழிலிற் செல்வம் திரட்டிய குடும்பத்தவன். அன்றிரவு அவனும் நண்பர்களும் மதுவிடுதி ஒன்றில் ஒன்றரை மணி நேரத்தில் 48,000 ரூபாய் செலவிட்டனர் எனப் பொலிசார் கூறினர். மகாராஷ்டிர மாநிலத்தில் கடும் மதுவகைகளை வாங்க 25 வயது நிரம்ப வேண்டும் என்பது சட்டம். அக்காருக்கு நிரந்தர இலக்கத் தகடு இல்லை; பதிவுக் கட்டணமான 1,758 ரூபாய் செலுத்தப்படவில்லை என்று போக்குவரத்து அதிகாரிகள் தெரிவித்தனர். கோடிக்கணக்கில் விலை கொடுத்தவருக்கு இத்தொகை பாரமாயிருந்திருக்க முடியாது. சட்டம் என்பது தம்மைக் கேட்கத் துணியாது என்ற நம்பிக்கையே அங்கு செலுத்தப்படாத தொகையாக நின்றது.

அன்றே சிறார் நீதிக் குழுமம் சிறுவனைப் பிணையில் விடுவித்தது. நிபந்தனைகளுள் ஒன்று, வீதி விபத்தின் விளைவும் அதற்கான தீர்வும் பற்றி 300 சொற்களில் ஒரு கட்டுரை எழுதுதல். நாடு கொதித்தது. மே 22ஆம் நாள் அவன் சிறார் கண்காணிப்பு இல்லத்துக்கு அனுப்பப்பட்டான். ஜூன் 25ஆம் நாள் பம்பாய் உயர் நீதிமன்றம் அவனை அங்கிருந்து விடுவித்தது. இடையில் இன்னொரு கதை வெளிப்பட்டது. சிறுவனின் இரத்த மாதிரி அரசாங்க வைத்தியசாலையில் எறியப்பட்டு, வேறொருவரின் இரத்தம் அவ்விடத்தில் வைக்கப்பட்டது என்ற குற்றச்சாட்டில் வைத்தியர் இருவர் கைதாயினர்; பின்னர் சிறுவனின் தாயும் கைதானார். வீட்டுச் சாரதியைத் தடுத்து வைத்துப் பழியை ஏற்குமாறு வற்புறுத்தினர் எனத் தந்தைமீதும் பாட்டனார்மீதும் குற்றஞ்சாட்டப்பட்டது. இவை குற்றச்சாட்டுகளே என்பதை மறந்து பேசுதல் தகாது. சிறுவனை வயது வந்தவனாகக் கொண்டு விசாரிக்க வேண்டுமென்ற பொலிசாரின் விண்ணப்பத்தைச் சிறார் நீதிக் குழுமம் 2025 ஜூலையில் நிராகரித்தது.

அந்த 300 சொற்களை எல்லோரும் நகைத்தனர். கட்டுரை எழுதப் பணிப்பதையே தொழிலாகக் கொண்ட ஆசிரியன் ஒருவனுக்கு அந்நகைப்பில் முழுமையாகக் கலந்துகொள்ள இயலவில்லை. தவறிழைத்த இளைஞனைச் சிந்திக்கச் செய்ய வேண்டும் என்ற எண்ணம் இழிவானதன்று. கொடுக்கப்பட்ட தலைப்பைத்தான் குறை கூற வேண்டும். ஒன்பதாம் வகுப்பு மாணவன் எவனும், உயிர் எதனையும் பறிக்காமலே, இத்தலைப்பில் எழுதி மதிப்பெண் பெறலாம். "வீதி விபத்து" என்ற தொடரில் எழுவாய் இல்லை. குடித்தவர், கொடுத்தவர், விற்றவர், மாண்டவர் எவரும் அதிலே இல்லை. மழை பெய்ததைப் போல விபத்தும் நேர்ந்தது என்று எழுதத்தான் அத்தலைப்பு இடந்தருகிறது. 'நான்' என்று தொடங்கக் கேட்டிருந்தால், அந்த இருவரைப் பற்றி எழுதக் கேட்டிருந்தால், 300 சொற்களும் வேறு கனம் பெற்றிருக்கும்.

சேக்கிழார் இதனை அறிந்திருந்தார். பெரியபுராணத்தில் வரும் அரசகுமாரன் பொதுமை பேசுவதில்லை. கன்று மாண்டதைக் கண்டதும் அது தன் செயல் என்று பதறுகிறான். தந்தையைப் பழி சேராதிருக்க யாது செய்யலாம் என்று கற்றோரை நாடிச் செல்கிறான். அவனுடைய துயரத்தை எவரும் ஆணையிட்டு வரவழைக்கவில்லை. அமைச்சர்கள் வருவது பின்னர். நூல்கள் விதித்த கழுவாய் ஒன்றைச் செய்தாற் போதும் என்று அவர்கள் அரசனுக்குக் கூறுகிறார்கள். அரண்மனைப் பிள்ளை செய்த கொலைக்கு ஒரு சடங்கு! புனேயின் 300 சொற்களுக்கும் அமைச்சர்களின் கழுவாய்க்கும் உள்ள உறவை விரித்துரைக்க வேண்டியதில்லை.

அரசன் அதனை மறுக்கும் முறையே இக்கதையின் உயிர்நாடி. அயலான் ஒருவன் ஓருயிரைக் கொன்றால் அவனைக் கொன்று, என் மகன் கொன்றால் கழுவாய் செய்வதோ என்பதே அவன் வாதம். தண்டனை எவ்வளவு கடுமையாயிருக்க வேண்டும் என்று அவன் முதலில் வினவவில்லை. இரண்டு அளவுகோல்கள் இருக்கலாகாது என்கிறான். நமது மேடைகள் இதனைத் தலைகீழாக்கிவிட்டன. மகனைக் கொன்ற கடுமையைப் போற்றி, சமநீதியை மறந்துவிட்டன. ஆதலாற்றான் புனேச் செய்தி வந்தபோது வீதியெங்கும் எழுந்த குரல், "தேர்க்காலைக் கொண்டு வா" என்பதாயிருந்தது.

தேர்க்கால் நீதியாகுமா? சிலப்பதிகாரத்திற் கண்ணகி பாண்டியனிடம் சோழனின் இச்செயலைப் பெருமையோடு நினைவூட்டுகிறாள். நம் நாட்டு மகாவம்சம் இதே கதையை அநுராதபுரத்தை 44 ஆண்டுகள் ஆண்ட எல்லாளன்மேல் ஏற்றிக் கூறுகிறது. அங்கும் இளைஞனின் தலை அதே சக்கரத்தால் துண்டிக்கப்படுகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டிற் பாடிய சேக்கிழாரோ அவ்விடத்தில் நிற்க முடியாதவராகிறார். அவர் காவியத்தில் கன்று மட்டும் மாளவில்லை. மகன்மேல் தேரைச் செலுத்துமாறு பணிக்கப்பட்ட அமைச்சன் தன்னுயிரை மாய்த்துக்கொள்கிறான். பின்னர் மகனும் மாள்கிறான். ஓருயிருக்கு ஈடாக மேலும் இரண்டு. இக்கணக்கை நேர்செய்ய இறைவனே வீதியில் தோன்ற வேண்டியிருக்கிறது. மூவரும் எழுகிறார்கள். அற்புதத்தை நம்பியே அக்கவிஞர் தேர்க்காலை அனுமதித்தார் எனலாம். புனே வீதியில் எவரும் தோன்றவில்லை. மாண்ட இருவரும் எழப் போவதில்லை. அற்புதம் இல்லாத உலகில் இளைஞனைச் சக்கரத்தில் இடும் உரிமையும் நமக்கு இல்லை.

இக்காலச் சட்டம் இதனை ஓரளவு உணர்ந்திருக்கிறது. 2016 ஏப்ரலில் தில்லியில், பதினெட்டு வயது நிரம்பச் சில நாட்களேயிருந்த சிறுவன் ஓட்டிய கார் 32 வயது ஆடவர் ஒருவரைக் கொன்றது. அவ்வழக்கிலே இந்திய உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் அளித்த தீர்ப்பு, குறைந்தது ஏழாண்டுச் சிறை எனச் சட்டத்தில் விதிக்கப்பட்ட குற்றங்களே கொடுங்குற்றங்கள் என்றும், அத்தகைய கீழெல்லை வகுக்கப்படாத குற்றத்துக்குச் சிறுவனை வயது வந்தவனாக விசாரிக்கலாகாது என்றும் தெளிவுபடுத்தியது. இழந்தவரின் குடும்பத்துக்கு அது கசந்திருக்கும். ஆயினும் இத்தீர்ப்பைச் செல்வருக்குக் கிடைத்த சலுகை என்று தள்ளிவிட வேண்டாம். சிறாரைத் திருத்தும் நெறி தளர்ந்தால், முதலில் சிறை செல்பவன் போர்ஷே ஓட்டியவன் அல்லன். வழக்கறிஞரை அமர்த்த வகையற்ற வீட்டுப் பிள்ளையே. அவனுக்கும் அதே பரிவு கிடைக்கிறதா என்று கேட்பதே மனுநீதிச் சோழனின் உண்மையான வாரிசுகள் செய்யத்தக்கது.

இனி, கதை கூறாது விட்ட இடத்துக்கு வருவோம். மகனுக்குத் தேரைக் கொடுத்தவர் யார்? மக்கள் நடமாடும் வீதியில் இளைஞனை ஓட்ட விட்டவர் யார்? இக்கேள்வியைச் சேக்கிழாரின் அமைச்சர்கள் கேட்கவில்லை. கண்ணகி கேட்கவில்லை. மகாவம்சம் எழுதிய தேரரும் கேட்கவில்லை. தந்தை நீதிபதியாகவே தொடக்கம் முதல் முடிவுவரை வீற்றிருக்கிறான். மகனை இழக்கிறான், ஆனால் விசாரிக்கப்படுவதில்லை. மன்னனை வினவும் மன்றம் அக்காலச் சமுதாயத்தில் இல்லை. ஆகவே எல்லாப் பாரமும் இளைஞனின் கழுத்தில் இறங்குகிறது.

காவியம் கேளாத கேள்வியை, வியப்பாயினும், ஒரு போக்குவரத்துச் சட்டம் கேட்டிருக்கிறது. 2019ஆம் ஆண்டு இந்திய மோட்டார் வாகனச் சட்டத்திற் சேர்க்கப்பட்ட 199அ பிரிவின்படி, சிறுவன் வாகனம் ஓட்டிக் குற்றமிழைத்தால் அவனது பாதுகாவலரோ வாகன உரிமையாளரோ குற்றவாளியாகக் கொள்ளப்படுவார். மூன்றாண்டுவரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வாகனப் பதிவு 12 மாதங்களுக்கு ரத்து, அச்சிறுவனுக்கு 25 வயதுவரை அனுமதிப்பத்திரம் இல்லை. தமக்குத் தெரியாது நடந்ததென்றோ தடுக்க வேண்டிய கவனமெல்லாம் செலுத்தியதாகவோ மெய்ப்பிக்கும் பொறுப்பும் பெரியவர்களுடையதே. சிறாருக்கு மது கொடுப்பவருக்கு ஏழாண்டுவரை சிறை என்கிறது 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம். அரியணையில் இருந்த தந்தை கூண்டுக்கு இறக்கப்படுகிறார். இது நீதியின் வரலாற்றில் சிறிய படியன்று. அப்படியில் ஏறாதிருக்கச் செல்வம் எத்தனை வழிகளைத் தேடும் என்பதற்கு, புனேயில் எழுந்த இரத்த மாதிரிக் குற்றச்சாட்டு ஒன்றே போதிய எச்சரிக்கை.

நமது நாட்டிலோ? 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குட்பட்டோருக்கு மது விற்பதைத் தடை செய்கிறது. சாரதி அனுமதிப்பத்திரம் 18 வயதிற் கிடைக்கிறது. அனுமதிப்பத்திரமற்ற ஒருவரை ஓட்ட விடுவதும் குற்றமே. குடித்து ஓட்டுவோரை அளக்க நெடுங்காலமாக வழங்கும் எல்லை, 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம். இளைஞருக்கென வேறு எல்லை வகுக்கப்படவில்லை. இதன் பொருள் யாது? இருபது வயது இளைஞன் ஒரு போத்தல் பீர் வாங்கலாகாது. ஆனால் அதனை அருந்திய உடலோடு, 80க்குக் கீழே நின்றால், வண்டி ஓட்டலாம்! ஜேர்மனியில் 21 வயதுக்குட்பட்ட சாரதி ஒரு துளியும் அருந்தியிருத்தலாகாது. அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் அவ்வயதினருக்குத் தனியான, மிகக் குறைந்த எல்லை உண்டு. நமது சட்டத்தின் ஒரு கை அறிந்ததை மறு கை அறியவில்லை.

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்து வாழும் நமக்கு இது ஏட்டுச் செய்தியாகாது. போர் முடிந்த 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. தோணிக்குக் காத்திருந்த காலம் போயிற்று. வீதிகள் அகன்றன. தவணைக் கடனில் மோட்டார்ச் சைக்கிள்கள் வந்தன. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் உல்லாச விடுதிகள் பெருகின. பௌர்ணமி நாளில் மதுக்கடையின் கதவு தவறாது அடைக்கப்படுகிறது. ஏனைய நாட்களில் வாங்க வந்தவனின் வயதை அதே கண்டிப்புடன் வினவுகிறார்களா? கடற்றொழிலாளியின் மகன் அண்ணனின் வண்டியோடு பிடிபட்டால், தண்டப்பணத்துக்குத் தாயின் காதணி அடைவுக்குப் போகிறது. அவன் பாடசாலையையும் விட்டுவிடுகிறான். வசதி படைத்த வீட்டுப் பிள்ளை பிடிபட்டால் தொலைபேசி முந்துகிறது. இரண்டு அளவுகோல்கள் அரண்மனையோடு ஒழிந்துவிடவில்லை.

இதில் எழுத்தாளர்களுக்கும் பங்குண்டு. நமது சிறுகதைகளிலே குடிப்பவன் யார்? கூலி, மீனவன், தோட்டத் தொழிலாளி. அவன் குடித்தால் குடும்பம் அழிகிறது. கதை நீதி புகட்டுகிறது. செல்வர் குடித்தால் அது விருந்தின் வருணனையாகிவிடுகிறது. வள்ளுவர் கள்ளுண்ணாமையை அறத்துப்பாலில் வைக்கவில்லை. அரசும் அங்கங்களும் பேசப்படும் பொருட்பாலில், சூதுக்கு முன்னே வைத்தார். தனிமனிதனின் பலவீனமாக மட்டும் அதனை நோக்காது, நாட்டின் பொருளோடும் ஆட்சியோடும் பிணைந்த கேடாக நோக்க அவ்வைப்புமுறை நமக்கு வழிகாட்டுகிறது. மது விற்று வரி திரட்டும் அரசு, அனுமதி பெற்ற வியாபாரி, சாவியை நீட்டும் தந்தை ஆகியோரைப் பாத்திரங்களாக்கிய கதை எங்கே?

மனுநீதிச் சோழன் கதையை வகுப்பில் தொடர்ந்து கற்பிப்போம். அவன் அமைச்சருக்குச் சொன்ன மறுமொழியைக் கற்பிப்போம், சக்கரத்தை அன்று. மாணவர்க்குக் கட்டுரையும் கொடுப்போம். "தேர் கொடுத்தவர் யார்?" என்பதே தலைப்பாகட்டும். அதனை முதலில் எழுத வேண்டியவர்கள் பெற்றோரும், மது விற்போரும், சட்டமியற்றுவோருமே. அவர்களுக்கு 300 சொற்கள் என்ற எல்லையும் வேண்டாம்.