25565-ஆம் கதவு

மைன்கிராஃப்ட்டின் ஜாவா பதிப்பில் வீட்டுக் கணினியையே சர்வராக்கி நண்பர்களை அழைத்தவர்களுக்கு 25565 என்ற எண் மறக்காது. நண்பன் உள்ளே வரமுடியவில்லை என்றதும் வரும் முதல் யோசனை, 'ரவுட்டருக்குள் போய் அந்தப் போர்ட்டைத் திறந்துவிடு' என்பதுதான்.

யோசனையில் பொருள் உண்டு. வீட்டில் ஐந்து கருவிகள் இருந்தாலும் ஐபிவி4 இணையத்துக்குத் தெரிவது ஒரே முகவரி. உள்ளிருந்து ஒரு கருவி வெளியே பேசினால், பதில் யாருக்கு என்று ரவுட்டர் குறித்துவைத்துக்கொள்ளும். அழைக்காமல் வருகிற பாக்கெட்டை யாரிடம் கொடுப்பது என்று அதற்குத் தெரியாது, கீழே போட்டுவிடும். 25565-க்கு வருவதெல்லாம் இந்தக் கணினிக்கு என்று அதனிடம் சொல்லிவைப்பதே போர்ட் ஃபார்வர்டிங். கணினிக்கு வீட்டுக்குள் மாறாத முகவரி ஒன்றை ஒதுக்கி, ஃபயர்வாலிலும் அனுமதி கொடுத்தால் வேலை முடிந்தது. எந்த நிறுவனத்தின் தயவுமின்றி நம் வீட்டிலேயே ஓர் உலகத்தை நடத்த இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

ஆனால் வேலரன்ட்டில் பிங் எகிறினாலும், ஃபோர்ட்நைட்டில் ஆள் விட்டுவிட்டு நகர்ந்தாலும் இதே மருந்தைத்தான் எழுதிக்கொடுக்கிறார்கள். அங்கே சர்வர் நிறுவனத்துடையது. பேச்சைத் தொடங்குவது நம் கணினி. பதிலுக்கான வழி தானாகவே திறந்துவிடுகிறது. பிங்கை ஏற்றுவது தூரமும் நெரிசலும். அடுத்த அறையில் ஒருவர் பெரிய வீடியோவை ஏற்றிக்கொண்டிருந்தால் நம் பாக்கெட் வரிசையில் காத்துக் கிடக்கும். போர்ட்டைத் திறந்தால் அந்த வரிசை குறையாது. வைஃபையை விட்டு லேன் கேபிளில் ஒரு மாலை ஆடிப்பார்ப்பது இதைவிடப் பயனுள்ள சோதனை, ஆனால் அதில் வித்தை தெரிந்தவன் என்ற பெருமை கிடைக்காது.

போர்ட் தேவைப்படும் இடத்திலும் ஒரு தடை இருக்கலாம். உலகப் பொதுக் கையிருப்பிலிருந்த ஐபிவி4 முகவரிகள் 2011 பிப்ரவரியில் தீர்ந்தன. ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிடும் சிஜிநாட் முறைக்குப் பல இணைய நிறுவனங்கள் மாறிவிட்டன. ரவுட்டர் தன் வெளி முகவரியாகக் காட்டுவது 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால், நமக்கு வெளியே இன்னொரு வாசல் இருக்கிறது, அதன் சாவி நம்மிடம் இல்லை. எத்தனை முறை ரவுட்டரை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. தனி முகவரிக்குப் பணம் கட்டவேண்டும், அல்லது வாடகை சர்வர் பிடிக்கவேண்டும். முதலில் பார்க்கவேண்டிய இந்த வெளி முகவரியைக் கடைசியில்தான் பார்க்கச் சொல்கிறார்கள். அதற்குள் சிலர் பொறுமையிழந்து டிஎம்இசட்டை இயக்கி, கணினியின் எல்லாக் கதவுகளையும் ரவுட்டரின் காவலின்றி விட்டிருப்பார்கள்.

திறந்த ஒற்றைக் கதவும் லேசானதல்ல. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா பதிவு நூலகத்தின் பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டபோது, மைன்கிராஃப்ட் ஜாவா சர்வரின் அரட்டையில் ஒரு வரி தட்டி அந்தக் கணினியையே வசப்படுத்த முடிந்தது. சில நாட்களிலேயே 1.18.1 பதிப்பு வந்து அடைத்தது. பழைய பதிப்பை ஓடவிட்டு மறந்தவர்களுக்கு அது எட்டவில்லை. போர்ட்டைத் திறக்கப் படம் போட்டுச் சொல்லித்தரும் வழிகாட்டிகளில், ஆட்டம் முடிந்ததும் மூடச் சொல்வதை அரிதாகவே பார்த்திருக்கிறேன்.