பூட்டும் வேலியும்

இரவில் கதவைத் தாழிட்டுவிட்டுப் படுக்கிறீர்களே, யாரை நினைத்து? வீட்டுக்குள்ளேயே பெட்டியையும் பூட்டுகிறீர்களே, அது யாரை நினைத்து? 1651இல் வந்த 'லெவியத்தான்' நூலின் 13ஆம் அதிகாரத்தில் தாமஸ் ஹாப்ஸ் வாசகரை இப்படித்தான் மடக்குகிறார். சட்டமும் காவலும் இருக்கும்போதே இந்தப் பாடு என்றால், இரண்டும் இல்லாத இடத்தில்? அந்த இடத்துக்குத்தான் 'இயற்கை நிலை' என்று பெயர்.

சமூக ஒப்பந்தம் பேசியவர்கள், அதாவது அரசு மக்களின் உடன்பாட்டில் பிறந்தது என்றவர்கள், எல்லோரும் ஒரு கழித்தல் கணக்குப் போட்டவர்கள். மன்னனைக் கழி, நீதிமன்றத்தைக் கழி, சட்டத்தைக் கழி. மிஞ்சும் மனிதன் யார்? ஆளுக்கொரு விடை வந்தது. அப்படி ஒரு காலம் உண்மையில் இருந்ததா என்று கேட்டு இந்த நூல்களை ஒதுக்குவது எளிது. ஆனால் கழித்தது நேர்மையாகக் கழிக்கப்பட்டதா என்பதே என் உரைகல்.

ஹாப்ஸின் மனிதன் கெட்டவன் என்று பாடப்புத்தகங்கள் சொல்வது பாதி உண்மைகூட இல்லை. அவர் தொடங்குவது சமத்துவத்தில். எவ்வளவு பலசாலியானாலும் தூங்கித்தானே ஆக வேண்டும்? நோஞ்சானும் அவனைக் கொன்றுவிடலாம். சண்டைக்கு அவர் சொல்லும் காரணங்கள் மூன்று: போட்டி, அவநம்பிக்கை, பெருமை. நடுவில் இருப்பதுதான் அவருடைய மேதைமை. அடுத்தவன் மனத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாததால் சாதுவும் முந்திக்கொண்டு அடிக்கிறான். போர் என்பது கைகலப்பு நடக்கும் நேரம் மட்டுமல்ல. இரண்டு தூறலை வைத்து மழைக்காலம் என்று சொல்லமாட்டோம், நாள்கணக்கில் மூடிக்கிடக்கும் வானத்தை வைத்துச் சொல்வோம். பாரிசில் அடைக்கலமாக இருந்து, சொந்த நாடான இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரையும் 1649இல் மன்னனின் தலை வெட்டப்பட்டதையும் தூரத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவர் எழுதியது இது. அந்த வானம் அவர் கண்டது.

ஹாப்ஸின் இந்தக் கணக்கில் ரூசோ சரியான இடத்தில் கைவைத்தார். டிஷோன் அகாதமியின் போட்டிக்காக எழுதி 1755இல் அச்சான கட்டுரையில். பரிசு என்னவோ கிடைக்கவில்லை. தமக்கு முன்பு எழுதியவர்கள் காட்டு மனிதனைப் பற்றிப் பேசுவதாகச் சொல்லி நகரவாசியை வரைந்துவிட்டார்கள் என்பது அவர் புகார். பெருமைக்குப் பார்ப்பவர்கள் வேண்டாமா? தனியே திரிபவனுக்கு ஏது? ரூசோ மிச்சம் வைத்தவை தன்னைக் காத்துக்கொள்ளும் உந்துதலும், பிற உயிர் வாடும்போது எழும் இரக்கமும். பிறகு ஒருவன் நிலத்தைச் சுற்றி வேலி போட்டு, இது என்னுடையது என்கிறான்; மற்றவர்களும் நம்பிவிடுகிறார்கள். கழித்தலில் ரூசோவே கறாரானவர். ஆனால் மொழிகூட இல்லாத அந்த ஒற்றையாள் வேலிவரை எப்படி வந்து சேர்ந்தான் என்பதில் அவர் நிறையவே தாவுகிறார்.

நம் பக்கத்திலும் இந்தக் கணக்கு உண்டு. பெரிய மீன் சின்ன மீனை விழுங்கும் 'மத்ஸ்ய நியாயத்துக்கு' அஞ்சிய மக்கள் மனுவை அரசனாக்கி, விளைச்சலில் ஆறில் ஒரு பங்கு கொடுத்ததாக அர்த்தசாஸ்திரம் பேசுகிறது. பாலி மொழியின் பௌத்த நூலான 'அக்கஞ்ஞ சுத்த'த்தில் நெல் திருட்டு வருகிறது; நெல்லில் ஒரு பங்கு தருவதாகச் சொல்லி மகாசம்மதனை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். தேர்வு, கூலி, வேலை மூன்றும் ஐரோப்பியர்களுக்கு முன்பே இங்கே பேசப்பட்டுவிட்டன.

ஜான் லாக்கை வேண்டுமென்றே கடைசிக்குத் தள்ளினேன். 1689இல் பெயர் போடாமல் அவர் வெளியிட்ட 'அரசு பற்றிய இரு ஆய்வுரைகள்' நூலில் இயற்கை நிலையிலும் சட்டம் உண்டு. பகுத்தறிவே அந்தச் சட்டம். குறை எங்கே என்றால், அவரவர் வழக்குக்கு அவரவரே நீதிபதி. எல்லோரும் அறிந்த சட்டம், சார்பில்லாத நடுவர், தீர்ப்பை நிறைவேற்றும் கை, இம்மூன்றுக்காகத்தான் மனிதர்கள் அரசை அமைக்கிறார்கள். நிலத்தில் உழைப்பைக் கலந்தவனுக்கு அது சொந்தம். நிதானமான, மனத்துக்கு ஒப்பும் சித்திரம். ஆனால் ஆதியில் உலகமே அமெரிக்காவாக இருந்தது என்கிறார். அங்கே வேட்டையாடி வாழ்ந்தவர்களின் நிலம் இந்தக் கணக்கில் உழைப்பு கலக்காத தரிசாகிவிடுகிறது.

1988இல் அரசியல் கோட்பாட்டாளர் கெரல் பேட்மன் இந்த ஒப்பந்தத்தில் பெண்கள் எங்கே என்று கேட்டார். 1997இல் தத்துவ அறிஞர் சார்ல்ஸ் மில்ஸ் கறுப்பர்கள் எங்கே என்று கேட்டார். லாக்கைப் பொறுத்தவரை பதில் ஏடுகளிலேயே இருக்கிறது. அவர் கரோலினா குடியேற்றத்தின் உரிமையாளர்களுக்குச் செயலராக இருந்தவர். 1669இல் எழுதப்பட்ட அதன் அடிப்படைச் சட்டத்தில் அவர் கையும் உண்டு. அச்சட்டத்தின்படி, ஒவ்வொரு சுதந்திர மனிதனுக்கும் தன் நீக்ரோ அடிமைகள்மேல் முழு அதிகாரம்.