1.5 டன் இன்வெர்ட்டர் ஏசி: பழசைக் கழற்றியது லாபமா?

ஏப்ரல் பிறந்தால் மெக்கானிக் வருவார். அவுட்டோர் யூனிட்டில் கேஜை மாட்டுவார், உதட்டைப் பிதுக்குவார், "கேஸ் இறங்கிடுச்சு சார்" என்பார். பணத்தை வாங்கிக்கொண்டு போனால் அடுத்த ஏப்ரலில்தான் மறுபடி தரிசனம். சென்னையில் பழைய ஏசி ஓடும் வீடுகளில் இது வருஷத் திவசம் மாதிரி தவறாமல் நடக்கிறது. அந்த வீடுகளில் ஃப்ரிட்ஜும் இருக்கிறது. அதற்கு யாரும் வருஷா வருஷம் கேஸ் நிரப்புவதில்லை. இரண்டிலும் கேஸ் மூடிய குழாய்க்குள்தான் சுற்றுகிறது, செலவாகிப் போவதில்லை. குறைந்தால் எங்கோ ஓட்டை என்று அர்த்தம். ஓட்டையை அடைக்காமல் நிரப்பும் கேஸ், அடுத்த கோடைக்குள் காற்றோடு போய்விடும்.

எங்கள் வீட்டின் பழைய 1.5 டன் ஃபிக்ஸட் ஸ்பீடு மெஷின் அப்படித்தான் காலம் தள்ளியது. கடைசியில் கூலிங் காயிலிலேயே பல இடங்களில் அரிப்பு. அதைக் கழற்றிவிட்டு, ஐந்து நட்சத்திர இன்வெர்ட்டர் ஸ்பிளிட் ஒன்றை மாட்டிக் கோடை முழுக்க ஓட்டிப் பார்த்தேன். மாடல் பெயர் இங்கே வேண்டாம். இந்த வகை இன்வெர்ட்டர்களின் பொதுவான குணத்தைத்தான் பேசப்போகிறேன்.

அறை மேல்மாடியில் இருக்கிறது. தலைக்கு மேல் மொட்டை மாடி, பக்கத்தில் மேற்குச் சுவர். சாயங்காலம் ஆறு மணிக்கும் சுவரைத் தொட்டால் சுடும். பழைய மெஷின் ஓடும்போது கிளாம்ப் மீட்டரில் ஏழரை ஆம்பியர் காட்டும். கம்ப்ரஸர் நின்றதும் ஃபேன் மட்டும் சுற்றும். கொஞ்ச நேரத்தில் 'தடக்' என்று மறுபடி எழும்பும். புதிய மெஷினும் போட்டவுடன் ஆறு ஆம்பியருக்கு மேல்தான் இழுக்கிறது. ஆனால் அறை குளிர்ந்த பிறகு கம்ப்ரஸர் நிற்பதில்லை, நிதானத்துக்கு வந்துவிடுகிறது. நடுராத்திரி 26 டிகிரியில் மீட்டர் இரண்டு ஆம்பியர் பக்கம் நிற்கிறது. அந்த 'தடக்' சத்தம் போனதையே வீட்டில் எல்லோரும் பெரிய லாபமாகச் சொல்கிறார்கள்.

குறை ஒன்று உண்டு. கடைக்காரர் யாரும் சொல்ல மாட்டார். கம்ப்ரஸர் மெதுவாக ஓடும்போது உள்ளே இருக்கும் காயில் அவ்வளவு சில்லென்று ஆவதில்லை. அதனால் காற்றின் ஈரத்தைப் பிழிவதும் குறைகிறது. டிஸ்ப்ளே 26 காட்டும், போர்வை மட்டும் லேசாகப் பிசுபிசுக்கும். கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். அந்த நேரத்தில் 'ட்ரை' மோடுக்கு மாற்றினால் சரியாகிவிடுகிறது. ஐப்பசி அடைமழை நாட்களில் கூலிங்கைவிட ட்ரைதான் சுகம். வைஃபை ஆப், குரல் கட்டளை போன்றவற்றுக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். ரிமோட் கைக்கெட்டும் தூரத்தில்தானே கிடக்கிறது! 'ஹாட் அண்ட் கோல்டு' மாடல் ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்கு. அங்கே அது நல்ல முதலீடு. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் சூடு தரும், கம்பி ஹீட்டரால் அது முடியாது. சென்னையில் அதற்கு வேலையில்லை.

நட்சத்திரக் கணக்குக்கு வருவோம். லேபிளில் போட்டிருக்கும் ஆண்டு யூனிட், வருஷத்துக்கு 1,600 மணி நேரம் ஓடும் என்ற அனுமானத்தில் போட்டது. அதாவது தினம் எட்டு மணி நேரம், 200 நாள். 1.5 டன்னில் மூன்று நட்சத்திரத்துக்கும் ஐந்துக்கும் லேபிளில் சுமார் 200 யூனிட் வித்தியாசம் பார்த்தேன். யூனிட் ஏழு ரூபாய் என்று வைத்தால் வருஷத்துக்கு 1,400 ரூபாய் மிச்சம். விலையில் எட்டாயிரம் வித்தியாசம் இருந்தால் அதை எடுக்க ஆறு வருஷம் ஆகும். சித்திரை, வைகாசியில் மட்டும் ராத்திரி போட்டுக்கொள்கிற வீட்டுக்கு மூன்று நட்சத்திரமே போதும். நம் மாநில மின்கட்டணத்தில் இன்னொரு சூட்சுமம் உண்டு. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் மேலே போன யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே இருக்கும் படிகளுக்கும் கட்டணம் கூடிவிடும். அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் குடும்பத்துக்கு ஐந்து நட்சத்திரம் சீக்கிரமே காசைத் திருப்பித் தந்துவிடும்.

சரி, எதை ரிப்பேர் செய்யலாம், எதைத் தலைமுழுக வேண்டும்? அவுட்டோர் ஃபேன் சுற்றுகிறது, கம்ப்ரஸர் 'உம்ம்' என்று முனகிவிட்டு நின்றுபோகிறது என்றால் பழைய மெஷினில் முதலில் சந்தேகப்பட வேண்டியது கெப்பாசிட்டரை. சில நூறு ரூபாய் விவகாரம் அது. அதற்காகக் கம்ப்ரஸரையே மாற்றச் சொன்னால் வேறு ஆளைக் கூப்பிடுங்கள். இண்டோரில் தண்ணீர் சொட்டினால் பெரும்பாலும் ட்ரெயின் பைப்பில் அழுக்கு. பம்ப் வைத்து ஒரு வெட் சர்வீஸ் செய்தால் தீர்ந்தது. இன்வெர்ட்டரில் பர்ஸைக் கடிப்பது பிசிபி போர்டு. பல்லி உள்ளே புகுந்து போர்டில் கருகிக் கிடப்பது மெக்கானிக்குகள் அடிக்கடி பார்க்கும் காட்சி. போர்டுக்கு எத்தனை வருஷம் வாரன்டி என்று வாங்கும்போதே எழுத்தில் கேளுங்கள். 'கம்ப்ரஸருக்குப் பத்து வருஷம்' என்ற பெரிய எழுத்து போர்டுக்கும் கேஸுக்கும் சேர்த்து அல்ல. வோல்டேஜ் ஏறி இறங்கும் பகுதியில் 'ஸ்டெபிலைசர் தேவையில்லை' என்ற விளம்பரத்தையும் நம்பாதீர்கள்.

காயிலோ கம்ப்ரஸரோ போய்விட்டால் ஸ்டிக்கரில் கேஸின் பெயரைப் பாருங்கள். ஆர்-22 என்றிருந்தால் அதில் பணம் போடாதீர்கள். ஓசோன் படலத்தைக் கெடுப்பதால், மான்ட்ரியல் ஒப்பந்தப்படி வளரும் நாடுகள் 2030க்குள் கைவிட வேண்டிய வாயு அது. சர்வீஸுக்கு மட்டும் சொற்ப விதிவிலக்கு. அதில் ஆர்-32ஐ நிரப்பி ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஆர்-32 ஒன்றரை மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் ஓடுவது, கொஞ்சம் தீப்பற்றவும் செய்யும். பழைய மெஷின் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. மெஷின் ஆர்-32தான், ஐந்து வருஷம்கூட ஆகவில்லை என்றால் தாராளமாகக் காயிலை மாற்றலாம். நடுவில் இருக்கும் மெஷின்களுக்கு என் கணக்கு சுலபமானது: ரிப்பேர் செலவு புதிய விலையில் பாதியை நெருங்கினால் மாற்றிவிடலாம். 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனதும் இந்தக் கணக்கில் புதியதன் பக்கம் கொஞ்சம் சாய்கிறது.

எந்த பிராண்ட் என்பதைவிட மாட்டும் நாள்தான் முக்கியம். கடை அனுப்பிய பையன் ஒரு பையோடு வந்தான். வேக்குவம் பம்ப் எங்கே என்றேன். "அதெல்லாம் தேவையில்ல சார், கேஸை லேசா தொறந்து விட்டா ஏர் தானா வெளிய போயிடும்." காற்று போகும், அதிலிருந்த ஈரம் குழாய்க்குள்ளேயே தங்கி, நாளடைவில் ஆயிலைக் கெடுத்துக் கம்ப்ரஸரைத் தின்னும். மறுத்துவிட்டேன். மறுநாள் பம்போடு இன்னொருவர் வந்தார். பம்ப் ஓட ஓட கேஜ் முள் பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கியது. அடிமட்டத்துக்கு வந்த பிறகும் நன்றாக ஓடவிட்டார். அப்புறம் வால்வை மூடிவிட்டுக் காத்திருந்தார். முள் அசையவில்லை. அதன் பிறகே கேஸைத் திறந்துவிட்டு, ஃபிளேர் நட்டுகளில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

என் தீர்ப்பு: மேல்மாடி அறை, தினசரி உபயோகம், பழைய ஆர்-22 மெஷின் என்றால் ஐந்து நட்சத்திர இன்வெர்ட்டருக்கு மாறுவது லாபம்தான். மற்றவர்கள் அவசரப்பட வேண்டாம். முதலில் கெப்பாசிட்டரையும் ட்ரெயின் பைப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். வாங்குவதென்று முடிவானால், வேக்குவம் பம்ப் இல்லாமல் வருகிறவரை மெஷினைத் தொட விடாதீர்கள்.